கதைக்கிற பிள்ளை

பதின்மூன்று வயதில்தான் என் மகளுக்கு ஆட்டிசம் என்று சொன்னார்கள். அதுவரை அவளைக் கூச்சக்காரி, கொஞ்சம் பிடிவாதக்காரி என்றே நினைத்திருந்தோம். ஆழ்கடல் மீன்களைப் பற்றிப் பிரெஞ்சில் பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டாள்.

மருத்துவமனைக் காத்திருப்பு அறையில்தான் அந்தப் பெண்ணைச் சந்தித்தேன். பாரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேலில் கணவரோடு மரக்கறிக் கடை வைத்திருப்பவர். அவருடைய மகனுக்கும் அதே வயது. அவனுக்கு ஒரு சொல்லும் வராது. பசித்தால் தாயின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான். சத்தம் கூடினால் தன் மணிக்கட்டைக் கடிப்பான்; அந்த இடத்தில் தோல் தடித்துப்போயிருந்தது.

"உங்கட பிள்ளைக்கும் இதே வருத்தமோ?"

"ஓம்."

புத்தகத்திலிருந்த மீனைக் காட்டி என்னிடம் விடாமல் பேசிக்கொண்டிருந்த என் மகளைப் பார்த்தார். "நல்லாக் கதைக்கிறா தானே அக்கா. பிறகென்ன?"

அந்தக் குரலில் பொறாமை இல்லை. அவரால் நம்ப முடியவில்லை, அவ்வளவுதான்.

மருத்துவர் எனக்கு விளக்கினார். பெயர் ஒன்று, பிள்ளைகள் வெவ்வேறு. ஒருவனுக்குச் சாப்பிடவே உதவி வேண்டும். இன்னொருத்தி மற்றவர்களைப் போல இருந்து காட்டுவதிலேயே பலம் முழுவதையும் செலவழித்துவிடுவாள். பேச்சை மட்டும் வைத்து யாருக்குப் பாரம் குறைவு என்று அளக்க வேண்டாம் என்றார்.

சனிக்கிழமைகளில் மகளோடு அந்தக் கடைக்குப் போகத் தொடங்கினேன். பின்னறையில் அவன் அரிசி மூட்டைக்குள் கைவிட்டு அளைந்துகொண்டிருப்பான். இவள் பக்கத்தில் போய் உட்காருவாள். "இங்கே யாரும் என்னை எதுவும் கேட்பதில்லை" என்று ஒருமுறை பிரெஞ்சில் சொன்னாள்.

லிசே என்கிற உயர்நிலைப் பள்ளிக்குப் போன முதல் குளிர்காலத்தில் ஒருநாள் காலையில், சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் அமர்ந்தவளால் எழும்ப முடியவில்லை. அதன் பிறகு அவள் பள்ளிக்குப் போகவில்லை. மெல்ல மெல்லப் பேச்சும் குறைந்தது. இப்போது அறைக்குள் இருந்தபடி எனக்குக் கைபேசியில் செய்தி அனுப்புகிறாள். பாரிஸ் புறநகரான பொண்டியிலிருந்து வந்த என் மைத்துனி, "பஞ்சி, வெறும் சோம்பல். நீங்கள்தான் செல்லம் குடுத்துப் பழுதாக்கிப் போட்டியள்" என்றாள். நான் விளக்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன்.

அந்தப் பையன் தாயைவிட உயரமாக வளர்ந்துவிட்டான். கோபத்தில் தள்ளினால் அவர் விழுந்துவிடுவார். அவனைப் போன்றவர்களை வைத்துப் பராமரிக்கும் இல்லங்களில் பிரான்ஸில் எங்கும் இடம் கிடைக்கவில்லை. ஒருநாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னார்: "பெல்ஜியத்திலை ஒரு இடம் வந்திருக்கு அக்கா. இடைக்கிடை வீட்டை கூட்டிக்கொண்டு வரலாமாம்." பிறகு சாத்தியிருந்த என் மகளின் அறைக் கதவைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "பிள்ளை சாப்பிட்டவவோ?" என்றார்.

"கதவடியிலை வைச்சால் எடுப்பா."

அவனைக் கொண்டுபோய் விட்டு வந்த வாரம் கடைக்குப் போனேன். முருங்கைக்காய்களைக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"அவன்ரை கட்டில் யன்னலோடை கிடக்கு. குளிருமோ தெரியேல்லை. குளிருது எண்டு அவனுக்குச் சொல்லவும் தெரியாது."

அவர் கட்டி வைத்த கட்டுகளை எடுத்து நான் தட்டில் அடுக்கினேன். யாரோ கத்தரிக்காய் என்ன விலை என்று கேட்டார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.