எட்டுப் பக்கம் அச்சான கதை

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். காட்டில் கிணற்று மோட்டார் ஓடும் நேரத்தில் வரப்பில் உட்கார்ந்து கதை எழுதுவேன், யாரிடமும் சொன்னதில்லை. சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு வாத்தியார், தன் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் சின்ன அச்சு இயந்திரம் வைத்துப் புத்தகம் போட்டுக்கொண்டிருந்தார். புதுக் கவிதை, சிறுகதை, நம் பக்கத்து ஊர்களின் வரலாறு எல்லாம் ஒரே தொகுப்பாக வரும். என் கதையை எடுத்துக்கொள்வதாகக் கார்டு போட்டிருந்தார்.

கார்டு வந்த நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கதையில் இருந்தது நான் செய்த காரியம். அப்பா இறந்த பிறகு, கிணற்றுக் கடனுக்கு என்று சொல்லி அக்காவைப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப்போய்க் கைநாட்டு வாங்கினேன். அது அவள் பங்கை எனக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரம். அவளுக்குப் படிக்கத் தெரியாது. கதையில் பெயரையும் ஊரையும் மாற்றியிருந்தேன்; வேறு எதையும் மாற்றவில்லை.

அக்காவைப் பரமத்தி வேலூரில், வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த வீட்டில் கட்டிக் கொடுத்திருந்தது. கோயில் நோம்பிக்கு வந்தவளிடம் என் மனைவி அந்தக் கார்டைக் காட்டிவிட்டாள்.

"என்னமோ கதை எழுதறயாமா சாமி. புஸ்தகம் வந்தா எம் பொண்ண உட்டுப் படிக்கச் சொல்லிக் கேக்கோணும்," என்றாள் அக்கா.

மறுநாள் முதல் பஸ்ஸில் சேலம் கிளம்பினேன். இடம் இருந்தும் ராசிபுரம் வரை நின்றுகொண்டே போனேன். கதையைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்பதை வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

நான் கேட்டதும் வாத்தியார் அச்சான தாள்களை எடுத்து விரித்தார். அவரிடம் இருந்த ஈய எழுத்துகள் எட்டுப் பக்கத்துக்குத்தான் காணும். எட்டுப் பக்கம் அடித்ததும் எழுத்தைப் பிரித்துப் பெட்டி அறைகளில் போட்டு, அடுத்த எட்டுக்குக் கோர்ப்பார்கள். என் கதை கைநாட்டு வரைக்கும் அடித்து முடிந்திருந்தது. அதே தாளில் வேறொருவரின் கவிதையும், ஓர் ஏரியின் வரலாறும் இருந்தன. என்னுடையதைக் கிழித்தால் அவர்களுடையதும் போகும்.

"முடிவு இன்னும் கோர்க்கலீங்க. மாத்தறதா இருந்தா இப்பவே உக்காந்து மாத்திக் குடுத்துருங்க," என்றார்.

காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்தேன். பழைய முடிவில், தம்பி வாயைத் திறக்காமல் அக்காவைப் பஸ் ஏற்றிவிடுவான். அதைக் கோடு போட்டு அடித்தேன். எழுதினேன், கிழித்தேன், வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தேன். மூன்றாம் தடவை, அக்காவுக்கு முதலிலேயே எல்லாம் தெரியும், தம்பி பிழைக்கட்டும் என்று தெரிந்தேதான் கைநாட்டு வைத்தாள் என்று எழுதினேன். வாத்தியார் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முன்னதைவிட இது உசத்தி என்றார். கொஞ்ச நேரம் எனக்கே அது நடந்தது போலப் பட்டது.

புத்தகம் வந்தும் இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். அக்கா ஆள் மேல் ஆள் சொல்லி அனுப்பினாள். எடுத்துக்கொண்டு போனேன். அவள் வெற்றிலையை அடுக்கிக் கட்டிக்கொண்டிருக்க, மகள் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். பத்திர ஆபீஸ் வந்த இடத்தில் அக்காவின் கை நின்றது. பிறகு மறுபடி அடுக்கினாள்.

"கடேசில அந்தப் பொம்பள தெரிஞ்சுதான் கைநாட்டு வெச்சதா எழுதியிருக்குதே," என்றாள். "நான் எப்பச் சாமி உங்கிட்ட அப்படிச் சொன்னேன்?"

மகள் என்னைப் பார்த்தாள். நாமக்கல் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. வெற்றிலைக் கட்டுகளுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து, கிணற்றுக் கடன் என்று எதுவும் நான் வாங்கவில்லை என்று ஆரம்பித்தேன். நான் சொல்லி முடித்த பிறகு, தன் பங்கு எந்தப் பக்கம் வரும் என்று அக்கா கேட்டாள். கிணற்றுக்குத் தெற்கே, மேட்டுக்காடு என்றேன்.

"வெள்ளிக்கிழமை வாரேன்," என்றாள். "அளந்து காட்டு."