போர்டா, பேட்டரியா?

திருத்தணி தாலுகா ஆபீஸ் எதிரே ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக்கொடுக்கும் மேரி அக்கா, இன்று காலை சிபியுவை இடுப்பில் சுமந்துகொண்டு என் கம்ப்யூட்டர் கடைக்கு வந்தார்.

"எந்த சைட்டும் தொறக்கமாட்டேங்குது தம்பி. மதர்போர்டே போச்சுன்னு ஒருத்தர் சொல்லிட்டார். நர்சிங் அப்ளிகேஷனுக்கு இன்னைக்குக் கடைசி நாள். நாலு பொண்ணுங்க கடையில உக்காந்துகினு இருக்குது."

என்னிடம் புது போர்டு இருந்தது. விற்றிருக்கலாம்.

ஆனாலும் மானிட்டரை மாட்டி செட்டிங்ஸைத் திறந்தேன். தேதி பல வருடம் பின்னால் நின்றது. தேதி தப்பாக இருந்தால் பல தளங்கள் திறக்காது.

"கடை மூடும்போது மெயினை ஆஃப் பண்ணுவீங்களாக்கா?"

"ஆங், தினமும். ஒரு தடவை இடி விழுந்து டிவி போச்சே."

மின்சாரம் இல்லாதபோது கம்ப்யூட்டரின் கடிகாரத்தை ஓட்டுவது போர்டிலுள்ள காசு அளவு பேட்டரிதான். அது தீர்ந்திருந்தது. மாற்றி, தேதியைத் திருத்தினேன். சைட் திறந்தது.

"இவ்ளோதானா? வழியெல்லாம் ஜெபம் பண்ணிகினே வந்தேன்."

"சிபியு சரியாகணும்னா?"

"இல்ல, நீயும் ஒரு போர்டை என் தலையில கட்டக்கூடாதுன்னு."

மதியத்துக்குள் நாலு விண்ணப்பமும் போய்விட்டன.

எங்கள் தொழிலுக்கு ஊரில் 'தேவையில்லாததைத் தலையில் கட்டுபவர்கள்' என்றுதான் பெயர். உங்கள் தலையில் கட்டியதையும் கமெண்டில் எழுதுங்கள். கட்டியது நானாக இருந்தால் மட்டும் போன் செய்யுங்கள்.