மெல்வினின் கிற்றாரும் எங்கள் ஊர் கரண்டும்

மெல்வின் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் கிற்றாரையும் ஒரு மரப்பெட்டியையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு எங்கள் கல்லடி வீட்டுப் படலையில் வந்து நின்றான். என்னைக் கண்டதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "அண்ணன் இல்லயா?"

அந்தக் கேள்வி எனக்குப் புளித்துப்போன கேள்வி. கொழும்பில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் எட்டு வருடம் வேலை பழகி, எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு ஊருக்கு வந்து, வீட்டு முன்னறைச் சுவரில் முட்டை அடுக்கும் மட்டைகளை ஒட்டி, வெளியே போர்டும் மாட்டியவள் நான். என் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். பியூஸ் போனால் என்னைக் கூப்பிடுகிற மனிதர்.

"அண்ணன் பள்ளிக்கூடத்தில. பதியிறதெண்டா நான்தான். உள்ள வா," என்றேன்.

மெல்வின் பறங்கிப் பையன், போர்த்துக்கேயர் வழி வந்த சனம். குடும்பமே இரும்பு வேலை. இவன் மட்டும் கல்யாண வீடுகளில் கிற்றார் வாசிப்பான். மாலைதீவில் ஒரு ஹோட்டல் பாண்டுக்கு ஆள் எடுக்கிறார்களாம். கொழும்பு ஏஜென்ட் மூன்று இசைத் துண்டு கேட்டிருந்தார்: ஆட்டத்துக்கு ஒன்று, வால்ஸ் ஒன்று, சாப்பாட்டு நேரத்துக்கு மெதுவாக ஒன்று. வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் இவனுடைய மச்சான் கொழும்புக்குப் போகிறான். கசெற் அவன் கையில் போகவேண்டும்.

"சுத்தமா இரிக்கோணுமாம் அக்கா. முன்னம் ஒருத்தன் அனுப்பின கசெற்ற இரைச்சல் எண்டு ஒரு நிமிசத்தில நிப்பாட்டிப் போட்டாராம்."

"போகாட்டி என்ன? இஞ்ச கல்யாண வீடு இல்லயா?"

"இந்த மாசம் ரெண்டு தரம் ஆமிக்காரங்கள் என்னைப் பிடிச்சு ட்ரக்கில ஏத்தினாங்கள் அக்கா. ரெண்டு தரமும் பாதர் வந்து எடுத்துவிட்டார். மூணாந்தரம் வருவன் எண்டு யார் சொல்றது? ஐரின் ஏழு மாசம்."

ஐரின் அவன் மனைவி. கரண்ட் வந்ததும் தொடங்கலாம் என்றேன்.

கிறுகி இரி

அந்த நாட்களில் எங்களுக்குக் கரண்ட் பின்னேரம் மூன்று மணிக்கு வந்து, இருட்டிக் கொஞ்ச நேரத்தில் போய்விடும். மூன்றுக்கு வந்தது. அவன் பெட்டியை, அதாவது கிற்றார்ச் சத்தத்தைப் பெருக்க அவனே பலகை அடித்துச் செய்த அம்ப்ளிஃபையரை, பிளக்கில் குத்தி, முன்னால் மைக்கை வைத்து, ஹெட்போனை மாட்டி லெவலைத் திறந்தேன். கிற்றாரைத் தொடுவதற்கு முன்பே "ர்ர்ர்" என்று ஓர் இரைச்சல். வண்டுக்கூட்டை மைக்குக்குப் பக்கத்தில் வைத்தது போல இருந்தது.

ஃபேனை நிறுத்தினேன். ரியூப் லைற்றை அணைத்தேன். ஃபிரிட்ஜைக் கழற்றினேன். அதற்குள் மீன் குழம்பு இருக்கிறதென்று, பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்த வீட்டுக்காரர் ஒரு பாட்டம் முறையிட்டார். இரைச்சல் அசையவில்லை.

"கொஞ்சம் கிறுகி இரி," என்றேன்.

கதிரையோடு மறுபக்கம் திரும்பிக் கிறுகினான். கிற்றாரின் பிக்கப், அதாவது கம்பிக்குக் கீழே சத்தத்தைப் பிடிக்கிற காந்தம், கரண்ட் வயர்களுக்கு ஒரு பக்கமாக நின்றால் இரைச்சலை அள்ளும், இன்னொரு பக்கமாக நின்றால் கொஞ்சம் விடும். கடைசியில் அவன் மூக்கு அலுமாரியில் முட்டுகிற மாதிரி இருந்தபோதுதான் பாதி குறைந்தது.

"இப்பிடி இருந்து வாசிக்க ஏலாதே அக்கா. கொஞ்சம் எக்கோ போடுங்களன், இரைச்சல் மறைஞ்சிரும்."

இதைச் சொல்லாத கிற்றார்க்காரனை நான் இன்றுவரை காணவில்லை. எக்கோ போட்டால் இரைச்சலும் எக்கோவோடு வரும். அதை அவனுக்கு விளங்கப்படுத்தி முடிக்க அரை மணித்தியாலம் போனது.

பிறகு புதிதாக ஒன்று தொடங்கியது. நிமிடத்துக்கு ஒரு தரம் "சர்ர்ர்" என்று கிழிக்கிற சத்தம். ஒழுங்கைக்கு இறங்கிக் காதைக் கொடுத்துக்கொண்டு நடந்தேன். இரண்டு ஒழுங்கை தள்ளி ஒருவர் கேற் ஒன்றுக்கு வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து, "உன்ட அண்ணன்தான்டா," என்றேன்.

மெல்வின் ஓடிப்போய் நிற்பாட்டிவிட்டு வந்தான். அந்த நேரம் பார்த்து அரைக்கிற மில் தொடங்கியது. மில் ஓய, பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டர். இருட்டியதும் கரண்ட் போனது. செவ்வாய்க்கிழமை முழுவதற்கும் ஒரு நிமிடம்கூடப் பதியவில்லை.

எர்த்

எங்கள் வீட்டு வயரிங் பழையது. இரைச்சலை மண்ணுக்குள் இறக்கிவிடுகிற எர்த் வயர் கிடையாது. சரி, நானே போடுகிறேன் என்று புதன்கிழமை காலை ஒரு தண்ணீர்க் குழாயை வளவுக்குள் அடித்து இறக்கினேன். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் எங்கள் பக்கம் வெறும் மணல். காய்ந்த மணலில் எர்த் பிடிக்காது. உப்புத் தண்ணீர் பத்து வாளி ஊற்றியும் மணல் குடித்துவிட்டு இன்னும் கேட்டது.

ஈரமான இடம் எங்கள் வளவில் ஒன்றுதான் இருந்தது. பங்கர். ஷெல் அடிக்குப் பயந்து எல்லாரும் வெட்டியது போல நாங்களும் வெட்டி, தென்னங்குற்றி போட்டு மூடியிருந்தோம். உள்ளே எப்போதும் கணுக்கால் அளவு தண்ணீர் ஊறி நிற்கும். குழாயை அதற்குள் கொண்டுபோய் அடித்து, வயரை வீட்டுக்கு இழுத்து, யாருக்கும் கால் தடக்கக் கூடாதென்று அதை மணலால் மூடியும் விட்டேன்.

மூன்று மணிக்குக் கரண்ட் வந்தது. இரைச்சல் தொண்ணூறு வீதம் போய்விட்டது. எனக்கே என்னை மெச்சத் தோன்றியது. மோட்டருக்கும் மில்லுக்கும் நடுவில் இடைவெளி பார்த்து இரண்டு துண்டு பதிந்தோம். மெதுவான துண்டு மிச்சம். நாளைக்குப் பார்ப்போம் என்றேன்.

வியாழன் காலை ஆமியின் சுற்றிவளைப்பு, வீடு வீடாகத் தேடினார்கள். ஒத்திகை பார்க்க வெள்ளென வந்திருந்த மெல்வினும் என் வீட்டில் மாட்டிக்கொண்டான். வளவைப் பார்த்துக்கொண்டு வந்த சிப்பாய் ஒருவனின் பூட்ஸில் வயர் தட்டுப்பட்டது. இழுத்தான். மணலுக்கு அடியால் ஒரு பக்கம் பங்கருக்குள் போனது, மறுபக்கம் வீட்டுக்குள் ஒரு பெட்டியில் முடிந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு நாளாக இரைச்சலோடு மல்லுக்கட்டியதில் எந்த ஊரில், எந்தக் காலத்தில் இருக்கிறேன் என்பதையே மறந்திருக்கிறேன். பங்கருக்குள் வயரைப் புதைத்தால் பார்க்கிறவன் கண்ணிவெடியை நினைப்பானா, கிற்றாரை நினைப்பானா? மெல்வினைச் சுவரோடு நிற்க வைத்தார்கள்.

கொழும்பில் பழகிய சிங்களத்தில் பொறுப்பாக வந்தவரிடம் சொன்னேன். எர்த் என்றால் என்னவென்று அவருக்கு விளங்கவில்லை. கரண்ட் இல்லாத நேரத்தில் காட்டவும் வழியில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பங்கருக்குள் இறங்கி, குழாயை நானே பிடுங்கி அவர் முன்னால் போட்டேன். அவர் அதன் ஒரு முனையால் பார்த்தார். மறுமுனையால் பார்த்தார். மெல்வினின் அடையாள அட்டை நம்பரைக் கொப்பியில் எழுதினார். பிறகு குழாயையும் வயரையும் எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

கரண்ட் வரவில்லை

மூன்று மணி ஆனது. கரண்ட் வரவில்லை. நாலும் ஆகப்போனது. எங்கேயோ லைன் அறுந்துவிட்டதாம், இரண்டு மூன்று நாளாகுமாம் என்று வீட்டுக்காரர் செய்தி கொண்டுவந்தார். நான் கரண்டையும் மணலையும் வெல்டிங் அண்ணனையும் சேர்த்து வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

"விடுங்க அக்கா. நம்பரையும் எழுதிப் போட்டாங்கள். எனக்கு இவ்வளவுதான்," என்றான் மெல்வின். கிற்றாரைச் சைக்கிளில் கட்டப்போனான்.

அவன் சொன்ன விதம் எனக்குத் தாங்கவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தேன். டிவிக்குக் கீழே லொறி பற்றறி இருந்தது. அதில்தான் கரண்ட் இல்லாதபோது செய்தி பார்ப்போம். மேசைக்கு அடியில், அறிவித்தல் சொல்லிப் போகிறவர்கள் சைக்கிளில் கட்டுகிற பற்றறி அம்ப் ஒன்று திருத்த வந்து கிடந்தது. கோயில் திருவிழாக்களில் பதிய நான் கொண்டுபோகும் சின்ன ரெக்கோர்டர் டோர்ச் பற்றறியில் ஓடும். லொறி பற்றறியை அந்த அம்ப்புக்குக் கொழுவி, கிற்றாரையும் அதிலேயே குத்தி, மெல்வினின் பெட்டியில் இருந்து ஸ்பீக்கர் வயரை மட்டும் எடுத்து அதற்குக் கொடுத்தேன். மைக்கை வைத்து லெவலைத் திறந்தேன்.

ஒன்றுமே கேட்கவில்லை. மைக் செத்துவிட்டது என்று நினைத்தேன். விரலால் தட்டினேன். ஹெட்போனுக்குள் காதே அடைத்தது.

மைக் நன்றாகத்தான் இருந்தது. இரைச்சல்தான் இல்லை. மில் இல்லை, மோட்டர் இல்லை, வெல்டிங் இல்லை, சுவருக்குள் கரண்ட் இல்லை. ஊரே கரண்ட் வந்ததும்தான் எல்லா வேலையும் செய்யும். நானும் அப்படியே, ஊரில் உள்ள அத்தனை மெஷினும் ஓடுகிற அந்த நாலு மணித்தியாலத்தைப் பார்த்துப் பார்த்து வருடக்கணக்காகப் பதிந்திருக்கிறேன். எட்டு வருடம் கொழும்பில் என்ன படித்தேன் என்று என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

"எங்கால கிறுகி இருக்க?" என்று கேட்டான் மெல்வின்.

"உனக்கு விரும்பின பக்கம் இரி. வாசிச்சு முடிய மட்டும் வாய மூடிக்கொண்டு இரி."

முதலில் மெதுவான துண்டு. ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்டது. கடைசிச் சுரம் மெல்ல மெல்ல அடங்கி, இன்னும் முழுதாக அடங்காத நேரத்தில் அவன் தலையை நிமிர்த்தி, "சரியா அக்கா?" என்றான்.

நல்ல ஏச்சு வாங்கினான். அந்த அமைதியில் அவன் கேட்டது மட்டுமல்ல, மூச்சு விட்டதுகூடப் பதிந்திருந்தது. அந்தக் கசெற்றைத் தூக்கி ஒரு பக்கம் போட்டுவிட்டு, புதிய கசெற்றில் மூன்று துண்டையும் முதலில் இருந்து பதிந்தோம். ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. வெள்ளிக்கிழமை காலை அது பஸ்ஸில் போனது.

மற்றக் கசெற்

மெல்வினுக்கு வேலை கிடைத்தது. பிள்ளை பிறக்க முன்னமே போய்விட்டான். போகும்போது, பழுதான கசெற்றை ஐரினுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டான். வெற்றுக் கசெற் கிடைக்காத காலம் அது, அழித்துப் பாவிக்க நினைத்திருந்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் கொடுத்தேன்.

பிறகு ஒப்பந்தத்துக்கு மேல் ஒப்பந்தம். வரும் பாதையில் ஆமிச் சோதனைகளுக்கும் பயந்து ஐந்து வருடம் அவன் வரவில்லை. எப்போதாவது அழைப்பு எடுத்தாலும் போனில் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்காதாம். ஐரின் பிள்ளையைப் படுக்கவைக்கும்போது அந்தக் கசெற்றைப் போடுவாளாம்.

அவன் வந்த அடுத்த நாள் மூன்று பேருமாக என் படலைக்கு வந்தார்கள். பிள்ளை அவன் தோளில் இருந்தாள். ஐரின்தான் சொன்னாள்.

"நேற்று இவரிட்டப் போகவே மாட்டன் எண்டிட்டாள் அக்கா. எனக்குப் பின்னால ஒளிச்சு நிண்டாள். மறுகா கேக்கிறாள், நீங்க எங்கட அப்பா எண்டா 'சரியா அக்கா' எண்டு சொல்லுங்க பாப்பம் எண்டு."

"நீ என்ன செய்தாய்?" என்று மெல்வினைக் கேட்டேன்.

"சொன்னன் அக்கா. மூணு தரம் சொல்லவச்சாள். மறுகாதான் வந்தாள்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க, ஏன் வெயிலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள் என்று இரண்டு பேரையும் ஏசினேன்.

இப்போது கொம்பியூட்டரில் பதிகிற பிள்ளைகள் இரைச்சலுக்கு என்னிடம் வழி கேட்கிறார்கள். வீட்டில் உள்ள அத்தனையையும் நிறுத்து, பற்றறியில் ஓடக்கூடியதைப் பற்றறியில் ஓடவிடு, எக்கோவைத் தொடாதே என்பேன். நான் பழகிய இன்னொன்றும் உண்டு. யார் வாசித்தாலும், கடைசிச் சுரம் அடங்கிய பிறகு பத்து எண்ணும் வரைக்கும் ரெக்கோர்டிங்கை நிறுத்துவதில்லை.