தோல் அட்டை அல்ஜீப்ரா

தேங்காயெண்ணெயில் கடுகு வெடிக்கும் மணமும், பூசணம் பூத்த பழைய தோல் அட்டையின் வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறினால்தான் எனக்கு அல்ஜீப்ரா நினைவுக்கு வரும். ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டு அடுக்களை வாசற்படிதான் நான் கணித மேதையான இடம்.

நாலாம் பாரத்தில், வகுப்பில் சொல்லித் தராத வழிகளில் நான் வீட்டுக்கணக்கைப் போட்டு வருவதைக் கண்டு மலைத்த கணக்கு சார், ஹெட்மாஸ்டரிடம் பேசி ஒரு தனி ஏற்பாடு செய்தார். மற்ற பையன்கள் பின்னங்களோடு மல்லுக்கட்டும் நேரத்தில், நான் மேப்புகள் தொங்கும் அறையில் தனியே உட்கார்ந்து, காலேஜ்காரர்களின் தோல் அட்டை போட்ட அல்ஜீப்ராப் புத்தகத்தை என் போக்கில் படிக்கலாம். வாரம் பத்துக் கணக்கு வீட்டில் போட்டு வர வேண்டும். "மிடுக்கனாக்கும் இவன், மகா கெட்டிக்காரன்!" என்று அப்பா ஆபீசெல்லாம் பறைசாற்றினார். மிடுக்கன் அந்த அறையில் செய்ததெல்லாம் ஆப்பிரிக்காவின் நதிகளை எண்ணியதும் தூங்கியதும்தான்.

கணக்குப் போட்டவள் விசாலம் அக்கா. பதினான்கு வயதில் அவள் படிப்பை நிறுத்தியிருந்தார்கள். அம்மா சீக்காளியானதால், விடியலில் குளித்து, ஆசாரம் கெடாமல் 'மடி'யாகச் சமைப்பது அக்காதான். மடியில் இருப்பவள் தோலைத் தொடக்கூடாது. ஆகவே நான் படிக்கு இப்பால் புத்தகத்தை விரித்துக் காட்டுவேன். அவள் குழம்பைக் கிளறிக்கொண்டே எட்டிப் பார்த்து, வரிவரியாகச் சொல்ல, நான் எழுதிக்கொள்வேன். "பக்கத்தைத் திருப்புடா, மண்டு! அதுக்கும் நான் வரணுமா?" சுருங்கச் சொன்னால் நான் ஒரு புத்தகத் தாங்கி. மரத்தாங்கியாவது ஆடாமல் நிற்கும்.

ஒரு ஞாயிறு காலை கணக்கு சார் என் நோட்டோடு கரமனையிலிருந்து நடந்தே வந்துவிட்டார். "ஆறாவது கணக்குக்குப் புஸ்தகத்தைவிட நல்ல வழி போட்டிருக்கே. வீட்டிலே வேறே யாராவது போட்டதானா மறைக்காதே, சொல்லு. பொண்ணானாலும் சரி, காலேஜ் வரைக்கும் படிக்க நான் ஏற்பாடு பண்றேன்."

அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது. அப்பா என்னையே பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானேதான் சார் போட்டேன்" என்றேன்.

சற்றுப் பொறுத்துக் கரண்டி மறுபடி கிளறத் தொடங்கியது. அக்கா என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. மறுநாளும் கணக்குச் சொன்னாள். 'மண்டு' என்று மட்டும் சொல்லவில்லை.

அந்தத் தையில் அவளை அம்பாசமுத்திரத்தில் கட்டிக் கொடுத்தார்கள். மாசியில் என் மேதைமை வற்றிவிட்டது. "கண்ணு பட்டுடுத்து" என்று அப்பா உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடச் செய்தார். கண் பட்டிருந்தால் நெடி வராது என்பார்கள், தெருவே இருமியது. அப்போதும் யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை.

அந்த மேப் அறை இன்று இல்லை. இடித்து சைக்கிள் ஷெட் போட்டிருக்கிறார்கள். எனக்கு வருத்தமில்லை. காணாமல் போனது வேறொன்று. போன மாதம் அக்கா பேரனோடு வந்திருந்தாள். அவன் ஒரு அல்ஜீப்ராக் கணக்கை அவளிடம் நீட்டினான்.

"எனக்கு அதெல்லாம் என்னடா தெரியும்? மாமாத் தாத்தாட்ட கேளு. சின்ன வயசிலேயே அவனுக்குன்னு ஸ்கூல்லே தனி ரூம் குடுத்திருந்தா."

குத்தலோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே நம்பித்தான் சொன்னாள்.

பையன் நோட்டை என் பக்கம் திருப்பினான். கண்ணாடியை எடுத்து வருவதாகச் சொல்லி உள்ளே போனேன். அது என் மூக்கின் மேல்தான் இருந்தது.