அக்கா சொல்லாத பொய்

எங்கள் அக்கா இறைவனிடம் சென்று ஓர் ஆண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினருக்கும் பங்கு மக்களுக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஒழுங்காக எழுதத் தெரிந்தவர் அக்கா மட்டும்தான். சாதாரண தரப் பரீட்சையை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் கோட்டைவிட்ட தம்பி எழுதுகிறேன். எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அவற்றைவிடப் பெரிய பிழை ஒன்று உள்ளே வருகிறது. "டீச்சர் எங்களை ஏமாற்றினார்" என்று உங்களில் பலர் இன்னும் அக்காவைச் சொல்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் பேனா பிடித்தேன்.

அக்கா ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்தில் பிறந்தார். அப்பா இறந்ததும் உயர்தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திவிட்டு, அம்மாவையும் என்னையும் கண்டிக்கு அழைத்து வந்தார். மருந்துக் கடையில் நின்றபடியே உழைத்து எங்களைக் காப்பாற்றினார். அம்மாவைக் கடைசிவரை பார்த்தவரும் அவர்தான். கல்யாணப் பேச்சு எடுத்தால், "ஒன்ன வளத்ததே போதும்டா, இன்னொருத்தன யாரு வளக்கிறது?" என்பார். ஓய்வு ஞாயிற்றுக்கிழமை மட்டும். அதையும் கோயிலில் பிள்ளைகளின் மறைக்கல்விக்குக் கொடுத்தார்.

பிள்ளைகள் உள்ளே படிக்க, பெற்றோர் கோயில் கேட்டுக்கு வெளியே நின்று ஊர்க்கதை பேசுவதை அக்காவால் பொறுக்க முடியவில்லை. பெரியவர்களுக்கும் ஒரு வகுப்பு வேண்டும் என்று ஃபாதரிடம் கேட்டு, பாடகர் குழுவின் பழைய அறையை வாங்கினார். பிறகு வீடு வீடாக அழைக்கப் போனார். நான் ஓட்டும் த்ரீவீல் ஆட்டோவில்தான் போனார். அதனால் எல்லாருடைய பதிலும் என் காதிலும் விழுந்தது.

"எங்களுக்கு இனி எதுக்கு டீச்சர்? நாங்கதான் சின்ன வயசுலயே புதுநன்மை எடுத்து முடிச்சாச்சே" என்றார் பெனடிக்ட் அண்ணன்.

"அதோட ஆண்டவர் பேச்ச நிறுத்திட்டாராண்ணே?" என்றார் அக்கா.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். வகுப்புக்கு வரவில்லை. வந்தது மூன்று பேர்.

"மூணு பேருக்கு நாலு பெஞ்சு. படுத்துக்கிட்டே படிக்கலாம்க்கா" என்றேன். எதற்கும் சிரிக்கிற அக்கா அன்று சிரிக்கவில்லை. அது எனக்கு என்னவோ செய்தது. மறுநாளே என் வேலையைக் காட்டினேன்.

பெரிய பள்ளிக்கூடங்களில் முதலாம் வகுப்புக்குப் பிள்ளையைச் சேர்க்கப் பங்குத்தந்தையின் கடிதத்துக்கு நாம் எப்படி அலைவோம் என்று உங்களுக்குத் தெரியும். என் த்ரீவீலில் ஏறிய பெற்றோரிடமெல்லாம், "அக்கா வகுப்புக்கு வந்தா ஃபாதர் லெட்டர் நிச்சயம். யார்ட்டயும் சொல்லிராதீங்க" என்றேன். எல்லாரும் எல்லாரிடமும் சொன்னார்கள்.

இரண்டே வாரத்தில் முப்பது பேர். கோயிலுக்குள்ளிருந்து பெஞ்சு தூக்கி வந்தார்கள். அடித்தவனை நாமாக மன்னிப்பதா, அவன் வந்து கேட்கும்வரை காத்திருப்பதா என்று பெனடிக்ட் அண்ணன் ஒரு மணி நேரம் வாதாடினார். அக்கா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"பாத்தியாடா, வீடு வீடா அலைஞ்சது வீண் போகல" என்றார். நான் த்ரீவீலை ஸ்டார்ட் செய்தேன்.

விண்ணப்பக் காலம் வந்தது. பெனடிக்ட் அண்ணன் ஃபாதரிடம் கடிதம் கேட்டார். வகுப்புக்கும் கடிதத்துக்கும் சம்பந்தமே இல்லை என்றார் ஃபாதர். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் முற்றத்தில் எல்லாரும் அக்காவைச் சூழ்ந்துகொண்டீர்கள்.

"புள்ளைங்க படிப்ப வச்சா கூட்டம் சேத்தீங்க? உங்க தம்பியே சொன்னானே!" என்று கத்தினார் அண்ணன்.

அக்கா கேட்டுப் பக்கம் திரும்பி என்னை ஒரு தடவை பார்த்தார். அக்காவை இறக்கிவிட்டு எப்போதும் கேட்டிலேயே நின்றுவிடும் நான், த்ரீவீல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"எங்க வீட்டுப் பிழைதாண்ணே. மன்னிச்சிருங்க" என்றார் அக்கா.

அவருக்கு அந்த நிமிடம்வரை எதுவும் தெரியாது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. பொய் என்னுடையது. ஆனால் கடிதம் இல்லை என்றதும் ஒருவர் மிச்சமில்லாமல் எழுந்து போனது நீங்கள். அதன்பின் நோய் படுக்கையில் போடும்வரை ஒவ்வொரு ஞாயிறும் அக்கா அந்த அறையைத் திறந்து, ஒரு மணி நேரம் தனியாக இருந்துவிட்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் கேட்டேன்: "ஏன்க்கா என்னைக் காட்டிக் குடுக்கல?"

"குடுத்திருந்தா நீ அந்தப் பக்கமே வந்திருக்க மாட்ட."

"இப்பவும் நான் உள்ள வர்றதில்லையே."

"கேட்டு வரைக்குமாச்சும் வர்றியேடா, லூசு."

நான்கு நாட்களில் போய்விட்டார்.

இறுதி நாட்களில் துணையிருந்த தாதிமாருக்கும், இரத்தம் கொடுத்தவர்களுக்கும், பெட்டியைச் சுமந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாமல், அடக்கத்துக்கு மட்டும் மூன்று நாள் லீவு போட்டு வந்தவர்களுக்கும் நன்றி. உங்களை விடவா நான் யோக்கியன்?

ஃபாதர் அந்த வகுப்பை மறுபடி தொடங்குகிறார். வருகிற ஞாயிறு, பூசை முடிந்ததும், அதே அறை. வந்தால் கடிதமோ வேறு எதுவுமோ கிடைக்காது. என்னைத் திட்ட வேண்டும் என்று இருப்பவர்கள் கேட்டில் தேட வேண்டாம். உள்ளே வாருங்கள், முன் பெஞ்சில் இருப்பேன்.

தம்பி