தம்பிக்குச் சொல்லாத பாதி

நெதர்லாந்தில் நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கூடத்துக்குள் நுழைவது எளிது. வெளியே வரத்தான், உள்ளே இருக்கும் எதுவும் ஒட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாதென்று, உடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தலைக்குக் குளிக்க வேண்டும். ஊரில் இழவு வீட்டுக்குப் போய்வந்தால்தான் இப்படிக் குளிப்போம். இங்கே தினமும் இழவு. உள்ளே இருப்பவை புகையிலைச் செடிகள். திண்டுக்கல்காரன் கடல் தாண்டியும் புகையிலையை விடவில்லையா என்று நீங்கள் சிரிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன். ஒரு வைரஸின் மேலுறைக்கான மரபணுவை அந்தச் செடிகளுக்குள் வைத்திருக்கிறோம். அதே வைரஸ் பிறகு வந்தால் செடி அதை அடக்கிவிடும். ஆனால் வேறொரு வைரஸ் நுழைந்தால், செடி செய்துவைத்த அந்த உறையை எடுத்துப் போர்த்திக்கொண்டு, இலைச்சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியின் மேலேறி, புதிய செடிகளுக்குப் போய்விடலாம். செடியின் காவலையே குலைத்தும் விடலாம். அப்படி நடக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இரண்டாயிரத்தை ஒட்டிய ஒரு விடுமுறையில், எங்கள் ஊர் அகரத்தில் தம்பி முருகேசனின் பப்பாளித் தோட்டத்தில் நின்று இதை விளக்கினேன். பாதியை மட்டும். அம்மை குத்துவது போல, நோயில் ஒரு துணுக்கைச் செடிக்குக் கொடுத்துவிட்டால் நோய் அண்டாது என்றேன். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். மீதியைச் சொல்லியிருந்தால் தலையாட்டல் நின்றிருக்கும். பெருமையோடு விமானம் ஏறினேன்.

அடுத்த மழைக்குப் பிறகு பத்துப் பதினைந்து மரங்களில் இலை மஞ்சள் திட்டாகி, காயில் வளையம் விழுந்திருக்கிறது. அப்படிப்பட்ட மரத்தை எங்கள் பக்கம் அன்றே பிடுங்கி எரித்துவிடுவார்கள். முருகேசன் பிடுங்கவில்லை. லேசாகத்தானே வந்திருக்கிறது, மற்ற மரங்களுக்கு அம்மை குத்தினதாக இருக்கட்டும் என்று விட்டுவைத்தான். பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கும் அதையே சொன்னான். நோய்ப்பட்ட மரம் அம்மை குத்துவதில்லை. அசுவினிக்குப் பந்தி வைக்கிறது. போனில் அவன் திட்டவில்லை.

"நீ சொன்னபடிக்கித்தாண்ணே விட்டு வச்சேன். ரெண்டு தோட்டமும் போச்சு."

கூடத்தில் உடன் வேலை பார்க்கும் மாரைக்கேயிடம் சொன்னேன். காப்பீடு வந்துவிடுமே, பிறகென்ன என்று தோளைத் தட்டினாள். அகரத்துப் பப்பாளிக்கு ஏது காப்பீடு? ஆமாம் என்றேன். அவள் நிம்மதியையாவது கெடுக்காமல் இருக்கலாம் என்றுதான்.

போன வருடம் ஊருக்குப் போனபோது பப்பாளி இருந்த இடத்தில் மக்காச்சோளம் நின்றது. சித்தையன்கோட்டையிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர், சுருண்ட மிளகாய் இலை ஒன்றைத் தம்பியிடம் நீட்டினார்.

"இது என்ன சீக்குன்னு அண்ணன்ட்ட கேளப்பு. வெளிநாட்டுல செடி ஆராய்ச்சியாமே."

"அது யாரோ தப்பாச் சொல்லியிருக்காக மாமா. அண்ணே கம்ப்யூட்டர்ல இருக்கு" என்றான் முருகேசன், என்னைப் பார்க்காமல்.

என்ன வைரஸ், எந்தப் பூச்சி கொண்டுவந்தது, எதை இன்றே பிடுங்க வேண்டும், எல்லாம் எனக்குத் தெரியும். அவர் இலையைக் கசக்கிப் போட்டுவிட்டு, மகனைக் கம்ப்யூட்டர் படிக்க வைக்கலாமா என்று கேட்டார். தாராளமாக வைக்கலாம் என்றேன்.

தம்பி வரப்பில் முன்னால் நடந்தான். நான் விருந்தாளியைப் போல, அவன் கால் வைத்த இடமாகப் பார்த்துக் கால் வைத்துப் பின்னால் போனேன்.