கொசு ஓட்டிப்போன மந்தை

ருஷ்யாவின் வடகோடியில், யாமால் பக்கத்து மரமில்லாத பனிவெளியான தூந்திராவில் பிள்ளை பெற்றவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதையில்லை. ஆகவே மகள் பெயரை வைத்து அவள் எல்லோருக்கும் ஹாத்னே அம்மா. இரண்டு காரியங்களுக்குப் பேர்போனவள். ஒன்று அவள் போடும் புகை, இன்னொன்று அவள் வாய்.

கோடையில் கொசு கிளம்பிவிட்டால் பனிமான் மேயாது, குட்டி பால் குடிக்காது. சுள்ளியின்மேல் ஈரப்பாசியை அடுக்கி, தீ தலைதூக்காமல் புகை மட்டும் தரையோடு ஊர்ந்து வரும்படி மூட்டுவாள். மந்தை மொத்தமும் அதற்குள் வந்து தலையைத் தாழ்த்தி நிற்கும். அப்படிப்பட்டவளிடம் யாராவது கொசுவைத் திட்டினால் போதும், பிடித்துக்கொள்வாள்.

"கொசு இல்லேன்னா உங்க மானெல்லாம் திசைக்கு ஒண்ணாப் போயிடும். தேடிப் பிடிக்கறதுக்குள்ள தாவு தீந்துரும். கூலி வாங்காத மேய்ப்பன் அது. அதையா திட்டுறீங்க?"

சொன்னதில் பிசகு இல்லை. கொசுதான் மந்தையை ஒன்றாகக் கூட்டும், கடற்காற்றைத் தேடி வடக்கே நடத்தும், ஒரே இடத்துப் புல்லை மொட்டையடிக்க விடாது. குட்டையில் நெளியும் அதன் புழுவைத் தின்றுதான் வாத்துக்குஞ்சு தேறும். இரத்தம் குடிக்காத வேளையில் அது பூவில்தான் உட்கார்ந்திருக்கும்.

அந்தக் கோடையில் காற்று செத்துப்போயிருந்தது. சூரியன் இறங்கவே இல்லை. கொசு மானின் மூக்குக்குள் அடைந்தது, கண்ணை மூடியது. பாசி தீரத்தீர அவள் தோண்டிக்கொண்டு வந்தாள், போதவில்லை. குட்டிகள் ஒவ்வொன்றாய் விழ ஆரம்பித்தன. குட்டி போனால் அடுத்த வருஷம் மந்தை இல்லை. மந்தை இல்லாவிட்டால் தோல் இல்லை, கூடாரம் இல்லை, ஹாத்னேக்குச் சோறு இல்லை.

"காத்து மேட்டுக்குப் போயிடலாம்," என்றாள் கணவனிடம்.

அவன் கயிறு முறுக்குவதை நிறுத்தினான். "எங்க தாத்தாவோட மந்தை ஒரே வாரத்துல செத்து விழுந்த எடம் அது. அங்க யாரும் வண்டிய நிறுத்தினதில்ல. தெரியாதவ மாதிரிப் பேசறியே."

"செத்த மான் கடிக்குமா? கொசுதான் கடிக்குது. தாத்தாவுக்குப் பயந்து குட்டியெல்லாம் வாரிக் குடுத்துருங்க."

அவளோடு பேசி ஜெயித்தவன் கிடையாது. அவன் சறுக்கு வண்டிகளைக் கட்டினான்.

மேட்டில் ஏறியதுமே காற்று முகத்தில் அடித்தது. கொசு ஒன்றுகூட இல்லை. குட்டிகள் தாயை முட்டிப் பால் குடித்தன. அதைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

"பொண்டாட்டி பேச்சைக் கேட்டா உருப்படலாம் போல," என்றான் அவன்.

"இப்பத்தான் தெரியுதாக்கும்."

அடுத்த நாள் மான்களின் கண்ணோரம் ஈக்களைப் பார்த்தாள். பச்சையாய் மினுங்கும், கொழுத்த ஈ. தூந்திராவில் செத்ததை மண்ணாக்குவது அந்த ஈதான். முட்டையிடும், புழு தின்னும், மிச்சத்தை வண்டு எடுத்துக்கொள்ளும், வெகு சீக்கிரம் எலும்பு வெளுத்துவிடும். ஆனால் இங்கே செத்தது எது? ஈ வந்த வழியே நடந்தாள்.

மேட்டின் பின்பக்கம் வெயிலில் மண் இளகிச் சரிந்திருந்தது. சரிவில் மான்கள் கிடந்தன. மயிர் உதிரவில்லை, சதை இன்னும் சிவப்பாக இருந்தது. தாத்தா காலத்தில் ஈ வருமுன்னே பனி மூடி, மண்ணோடு உறைந்துவிட்ட மான்கள். அன்று விட்ட விருந்தை இன்று ஈக்கள் தின்றுகொண்டிருந்தன. அங்கிருந்து எழும்பி, மந்தை மேயும் செடிகளின் இலையில் போய் உட்கார்ந்தன. அந்த மந்தையைக் கொன்றது அடைப்பான், மண்ணுக்குள் வருஷக்கணக்கில் சாகாமல் கிடந்து மானையும் மனிதரையும் கொல்லும் நோய் என்று அவளுக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும்.

உடனே ஓடியிருக்கலாம். ஓடவில்லை. எந்த முகத்தோடு சொல்வது? காற்று போதும், கடற்கரைக்கே போகலாம் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டால் என்ன? இப்படி வார்த்தை தேடிக்கொண்டே மெதுவாக நடந்தாள்.

கூடாரத்தின் முன்னால் ஒரு மான் வயிறு திறந்து கிடந்தது. கணவன் அதன் வயிற்றுக் குழியிலிருந்து இரத்தத்தைக் குவளையில் மொண்டுகொண்டிருந்தான். வெதுவெதுப்பான முதல் குவளை எப்போதும் சின்னவளுக்குத்தான். ஹாத்னேயின் மோவாய் வரை சிவப்பாக இருந்தது.

"ஏன் அடிச்சீங்க?"

"காலைலேருந்து தள்ளாடுச்சு. விழுந்து வீணாப் போறதுக்கு முன்னாடி அடிச்சுட்டேன். இந்தா, ஆறிடப் போவுது."

அவள் குவளையை வாங்கவில்லை. மாவில் கலந்து அடை சுடுவதற்காகப் பிடித்து வைத்திருந்த இரத்தப் பானையைத் தேடிப் போனாள். இந்நேரம் உறைந்து ஆடை கட்டியிருக்க வேண்டும். அகப்பையை விட்டுத் தூக்கினாள். கறுத்துப்போயிருந்த இரத்தம் டீ மாதிரி வழிந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி தூக்கினாள். மறுபடியும் வழிந்தது. அடைப்பான் கண்ட மானின் இரத்தம்தான் உறையாது.

"அம்மா, நீ குடிக்கலியா?" என்றாள் ஹாத்னே. அவள் உதட்டில் ஒரு பச்சை ஈ வந்து உட்கார்ந்தது.

ஹாத்னே அம்மா ஓடிப்போய்ச் சுள்ளியை அள்ளி, பாசியைப் பிய்த்துப் போட்டு, மகளைச் சுற்றிப் புகை மூட்டினாள்.

"கொசுவே இல்லாத எடத்துல எதுக்குடி புகை?" என்று சிரித்தான் கணவன்.

அவள் குனிந்து ஊதிக்கொண்டே இருந்தாள். புகை எழுந்தது, மேட்டுக்காற்று அதை நிற்க விடவில்லை.